வாழைப்பயிரும் வாழை வாணிகமும்

மா, பலா, வாழை என்னும் மூன்றனையும் முக்கனியென ஒருங்கு வைத்து எண்ணுதல் தமிழ்மக்களது தொன்றுதொட்ட வழக்காகும். இம்மூன்றனுள் முன்னைய இரண்டற்கும் இல்லாத ஓர் இயல்பு வாழைக்கு உண்டு. மா, தையிலும் மாசியிலும் பூத்துச் சித்திரை தொடங்கி ஆடிவரையிற் கனி தருவது; குமரி மாவட்டத்திற் போலச் சிலவிடங்களில் ஆண்டில் மற்றொரு முறையும் காய்க்குமாயினும் அது பொதுவிதிக்குப் புறனடையே. பலாவும் ஏறத்தாழ அக்காலத்தே பழுத்து ஓய்வது. வாழையோ இன்ன திங்களிற்றான் பூப்பதென்னும் கட்டுப்பாடு இல்லாதது. கன்று நட்ட நாள் தொட்டு இலைகளை எண்ணிக்கொண்டே வருவது போல வளர்ந்து, முப்பது நாற்பது இலை விட்டபின் குலை தள்ளும். ஆகவே நடுங்காலத்தை மாற்றினால் வெட்டுங்காலமும் மாறும். திங்கள்தோறும் நடுவார்க்குத் திங்கள்தோறும் குலை உண்டு. இவ்வொரு பண்பே வாழையை உலக வாணிகத்தின் தலைமைக் கனியாக்கிற்று. அவ்வாணிகமே அதற்குப் பெருங்கேட்டையும் தேடித் தந்தது. நம் சங்கத்து அன்பருட் பலர் காவிரிப் படுகையில் வாழை பயிரிடுவோராயும், சிலர் வாழை மண்டி நடத்துவோராயும் இருத்தலின், அவ்வரலாற்றை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுந்தோம்.

வாழையை மரம் என்கின்றோம். தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையது புல் என்றும் அகத்தே வயிரமுடையது மரம் என்றும் பகுத்துரைத்தார். வாழைக்குப் புறத்தும் வயிரமில்லை, அகத்தும் வயிரமில்லை. அடிமரமென நாம் கருதுவது இலைமட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி நின்ற உருளையே. உண்மைத் தண்டு நிலத்தினுள்ளே கிழங்காய்க் கிடக்கின்றது. தாவர நூலார் இதனைப் பெரும் பூண்டு என்பர். வகுப்பில் இதனை யாம் சொன்னபோது ஒரு மாணவன், “அப்படியானால் தொல்காப்பியர் வகுப்பில் வாழை எதிற் சேரும், ஐயா?” என வினவினான். அதற்கு விடையை யாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.

நம் நாட்டு உழவர் நடுங்காலத்தை நிலத்தின் இயல்பு நோக்கி வகுத்திருக்கின்றனர். நன்செயிற் பூவன், இரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லி ஆகியவற்றை மாசி முதற் சித்திரை வரையில் நடுவர். நேந்திரனைச் சித்திரை வைகாசியில் நடுவர். கிணற்றுப் பாசனமுள்ள தோட்டக்கால்களுக்குத் தை மாசியும் கார்த்திகை மார்கழியும் ஏற்றவை. ஆற்றுப் படுகைகளில் தை மாசியிலும் ஆவணி புரட்டாசியிலும் நடுதல் உண்டு. கீழ்ப்பழனி மலையிற் சித்திரை வைகாசியிலும், சிறுமலையில் ஆனி முதல் ஆவணி வரையிலும் கன்று ஊன்றுவர். நட்ட ஏழு முதல் ஒன்பது திங்களிற் குலை தள்ளி, அதன்பின் மூன்று நான்கு திங்களிற் காய் முற்றும். இக்கணக்கிற் காற்றையும் சந்தையையும் சேர்த்து எண்ணுபவனே தேர்ந்த உழவன். குலை தாங்கி நிற்கும் வாழைக்குக் காற்றினும் கொடிய பகை இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வீசும் புயலுக்கு முன்னரே குலையை வெட்டிவிடல் வேண்டும். அன்றேல் சவுக்குக் கழியோ மூங்கிலோ முட்டுக் கொடுத்து நிறுத்தல் வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜாப் புயலிற் சோழநாட்டுக் கீழ்ப்பகுதியில் ஓரிரவிற் சாய்ந்த வாழையைக் கண்டவர் முட்டுக் கழியின் வலிமைக்கும் எல்லை உண்டென்பதை அறிவர். சந்தையோ வேறொரு வகையது. திருமண நாள்கள் நெருங்குங்கால் விலை ஏறும், மார்கழியில் இறங்கும், ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் மறுபடி ஏறும், மாம்பழம் குவியும் காலத்தில் வாழைப்பழத்தைக் கேட்பாரிரார். பருவமில்லாத கனிக்கும் விலைப்பருவம் உண்டு என்க.

பழுக்கவைத்தலும் ஒரு தனித்தொழில். வாழைக்காயை முற்றிய நிலையிற் பச்சையாகவே வெட்டுவர். நம் நாட்டு வணிகர் அதனைக் காற்றுப்புகாத அறையில் அடுக்கி மூட்டம் போட்டுப் பழுக்கவைத்தனர். புகையே பழுக்கச் செய்கின்றதென நெடுநாள் எண்ணியிருந்தோம். புகையிலுள்ள எத்திலீன் என்னும் ஆவியே அதனைச் செய்வது. அவ்வாவியைப் பழம் தானே வெளியிடுகின்றதென்பதை 1934இல் ரிச்சர்டு கேன் என்னும் ஆங்கில அறிஞர் நிறுவினார். பழுத்த பழமொன்றைக் காய்ச்சீப்பினிடையே வைத்து மூடும் நம் பாட்டிமார் அவ்வாராய்ச்சிக்குக் காத்திருந்தாரல்லர். இந்நாளிற் குளிரறைகளில் அவ்வாவியையே அளந்து விடுகின்றனர். கார்பைடுக் கல்லிட்டுப் பழுக்கவைத்தல் நம் நாட்டிற் சட்டத்தால் விலக்கப்பட்ட செயல். மண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதனை எம்மினும் நன்கறிவர்.

இனி, இப்பொருளில் எமக்கு நாட்டம் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைச் சொல்லாது மேற்செல்லுதல் ஒவ்வாது. எமக்குப் பன்னிரண்டு அகவை நிரம்பிய காலத்து எம் தந்தையார் ஆற்றுப்படுகையில் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முழுதும் இரஸ்தாளியே நட்டார். இரஸ்தாளிக்குச் சந்தையில் என்றும் மதிப்புண்டு. பூவனினும் விலை மிகுதி. பக்கத்தூர்த் தோட்டக்காரர் ஒருவரிடம் கன்று வாங்கினார். அவர் பெயரை ஈண்டுச் சொல்லோம். அவரும் அறிந்து செய்தவரென யாம் நினைக்கவில்லை. ஆறாந்திங்களில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளித்தது. நீர் போதவில்லையென்று நீர் பாய்ச்சினர். உரம் போதவில்லையென்று உரம் இட்டனர். இலைகள் காம்பொடிந்து அடிமரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கின. ஒரு மரத்தை வெட்டிப் பார்த்தபோது கிழங்கினுள் செம்பழுப்பு நிறக் கோடுகள் ஓடியிருந்தன. ஊரார் வாடல் நோய் என்றனர். பத்துக்கு ஏழு குலை வரவில்லை. குத்தகைப் பணம் கடனாயிற்று. கடன் எம் தாயாரின் தாலிக்கொடியைக் கொண்டுபோயிற்று. அத்தோட்டம் நன்றாய்க் காய்த்திருப்பின் யாம் தமிழ் கற்கப் போயிருப்போமோ என்பது ஐயமே. அந்நோய் யாது, அஃது எங்கிருந்து வந்தது என்னும் வினா அன்று தொட்டு எம்முள்ளத்தே கிடந்தது. அதன் விடையைத் தேடிய வழியில் அறிந்தவையே இனி எழுதுவன.

வாழையின் பிறப்பிடம் தென்கிழக்காசியத் தீவுகளும் நியூகினியும் அவற்றைச் சூழ்ந்த நிலங்களுமாம். நியூகினியின் மலைநாட்டிற் கூக்கு என்னும் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன்னரே வாழை பயிரிடப்பட்டதற்குச் சான்று கிடைத்துள்ளது. காட்டுவாழைக்குக் கனியெல்லாம் விதை, கடித்தாற் பல்லுடையும். மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரு காட்டினங்கள் தம்முட் கலந்தமையாலும், தற்செயலாய்த் தோன்றிய மாறுதல்களை மாந்தர் தேர்ந்து பேணியமையாலும் விதையற்ற வாழைகள் தோன்றின. இவ்விரு பெற்றோரின் பங்கை வைத்து வாழைகளை வகுக்கும் முறையை 1955இற் சிம்மண்ட்சு, செப்பர்டு என்னும் இருவர் நிலைநாட்டினர். அதன்படி நம் பூவனும் இரஸ்தாளியும் முதலினத்தின் பங்கு மிகுந்தவை. மொந்தனும் பேயனும் கற்பூரவல்லியும் இரண்டாவதன் பங்கு மிகுந்தவை. சங்கச் சான்றோர் குறிஞ்சி நிலத்தைப் பாடுமிடத்து வாழையையும் பாடினர். நிகண்டு நூலார் கதலியென்றும் அரம்பையென்றும் பெயர் வகுத்தனர். அமெரிக்க நிலங்கட்கோ வாழை மிகப் பிந்திச் சென்றது. 1516இல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்னும் பாதிரியார் கனேரித் தீவுகளினின்று இஸ்பானியோலாத் தீவுக்கு அதனைக் கொண்டுசென்றார். இன்று உலகச் சந்தையை நிரப்பும் வாழை பெரும்பாலும் அந்நிலப்பகுதியினின்றே செல்வது காண்க. பயிர்க்குத் தாய்நாடு வேறு, புகழ்நாடு வேறு.

வாணிகத்துக்கு முதற்கண் உரியதாயிருந்த வகை குரோ மிசேல் என்பது. பெரிய மைக்கேல் என்பது அப்பெயரின் பொருள். கீழைநாட்டினின்று மார்ட்டினிக்குத் தீவை அடைந்திருந்த இவ்வகையை 1835இல் ழான் பிரான்சுவா பூயா என்பார் ஜமைக்காத் தீவிலுள்ள தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நட்டார். காய் பெரிது, தோல் தடித்தது, குலை இறுகியது. அறையாது வெட்டி, பெட்டியின்றி, குலைகுலையாய்க் கப்பலில் அடுக்கினும் கன்றாது. 1870இல் லொரென்சோ டோ பேக்கர் என்னும் கப்பல் தலைவர் ஜமைக்காவில் 160 குலைகளை வாங்கித் தம் பாய்க்கப்பலில் ஏற்றி, பதினொரு நாளில் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தை அடைந்து விற்றார். ஊதியம் பன்மடங்கு கிடைத்தது. 1876இற் பிலடெல்பியாவில் நடந்த பெருங்கண்காட்சியில் வாழைப்பழம் ஒவ்வொன்றாய்த் தகட்டுத்தாளிற் சுற்றப்பட்டு 10 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. அதனைக் கத்தியும் முள்ளும் கொண்டு உண்டனராம். நம் வீட்டுக் குழந்தைகள் கேட்பின் நகைப்பர்.

இவ்வாணிகம் ஒரு பேரரசாக வளர்ந்தமைக்குக் காரணர் மைனர் கீத்து என்பவர். கோஸ்டாரிக்கா நாட்டில் மலைநடுவேயுள்ள தலைநகரினின்று கடற்கரைக்கு இருப்புப்பாதை அமைக்கும் வேலை 1871இற் றொடங்கியது. காய்ச்சலாலும் பிற நோயாலும் வேலையாட்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கீத்தின் உடன்பிறந்தோரும் அவ்வேலையில் உயிர்நீத்தனர். வேலையாட்களுக்கு மலிவான உணவாகட்டுமெனப் பாதையின் இருமருங்கும் வாழை நடப்பட்டது. 1884இற் செய்த உடன்படிக்கையால் அரசாங்கம் கீத்துக்கு 8,00,000 ஏக்கர் நிலமும், அப்பாதையை 99 ஆண்டு ஆளும் உரிமையும் தந்தது. 1890இற் பாதை முற்றுப்பெற்றபோது, ஏறிச்செல்லப் போதிய மாந்தர் இலர். ஏற்றிச்செல்ல வாழைக்குலை இருந்தது. 1899இற் கீத்தின் தோட்டங்களும், பேக்கர் பங்கு கொண்டிருந்த பாஸ்டன் கம்பெனியும் ஒன்றாய் இணைந்து யுனைடெட் புரூட் கம்பெனி தோன்றியது. நிலமும் இருப்புப்பாதையும் துறைமுகமும் கப்பலும் ஒருவர் கையிலேயே இருந்தன. வெப்பம் ஏறாதிருக்கக் கப்பல்களுக்கு வெண்ணிறம் பூசி, உள்ளே குளிர்ப்பொறி அமைத்தனர். வாழைக்காய்க்கு வெம்மையும் ஆகாது, மிகு குளிரும் ஆகாது. 13 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினாற் றோல் கறுத்துப்போம். அவ்வளவைப் பிடித்து நிறுத்தியமையாற் குளிர்நாட்டு மாந்தர்க்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் மலிவான கனியாக வாழை ஆயிற்று.

அம்மலிவுக்கு விலை கொடுத்தவர் வேறு. 1928 டிசம்பரிற் கொலம்பியாவிலுள்ள சியேனகா என்னும் ஊரில், கூலியும் ஓய்வுநாளும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்மீது அந்நாட்டுப் படை சுட்டது. மாண்டவர் தொகை பற்றி இன்றும் வழக்கு உண்டு. கவுதமாலாவில் 1952இல் அதிபர் ஆர்பென்சு நிலச்சீர்திருத்தச் சட்டம் இயற்றி, பயிரிடாது கிடந்த கம்பெனி நிலங்களை எடுத்து உழவர்க்குப் பகிர்ந்தார். 1954இல் அமெரிக்க அரசின் துணைகொண்டு அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. கம்பெனி அவ்வளவு நிலத்தைப் பயிரிடாது வைத்திருந்தது ஏன் என வினவின், விடை எம் தந்தையாரின் தோட்டத்திற் கிடக்கின்றது. ஒரு தோட்டத்தில் வாடல் நோய் புகுந்தாற் றோட்டத்தைக் கைவிட்டு அடுத்த புதுநிலத்துக்குப் போதல் வேண்டும். அதற்காகவே நிலத்தைச் சேர்த்துவைத்தனர்.

அந்நோய்க்குப் பனாமா நோய் என்று பெயர். பனாமா நாட்டிற் பெருஞ்சேதம் விளைத்தமையின் அப்பெயர் பெற்றதேயன்றி ஆண்டுப் பிறந்தது அன்று. 1874இலேயே ஆஸ்திரேலியாவில் ஜோசப் பேன்கிராப்டு என்னும் மருத்துவர் இதனைக் குறித்துவைத்துள்ளார். மண்ணில் வாழும் பூசணம் ஒன்று வேர்வழிப் புகுந்து, நீர் ஏறும் நாளங்களை அடைத்துவிடுகின்றது. அதனாற்றான் எவ்வளவு நீர் பாய்ச்சினும் வாழை நீர்வேட்கையாற் சாகின்றது. பூசணம் மண்ணிற் பல பத்தாண்டுகள் கிடக்கவல்லது. மருந்து இல்லை. கன்றோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும், பாயும் நீரோடும் அது செல்லும். குரோ மிசேலைத் தவிர வேறொன்றும் நடாத நிலங்களில் அது தீயெனப் பரவிற்று. 1922இல் டிரினிடாடில் நோய் தாங்கும் வாழையைக் கலப்பு முறையாற் படைக்கும் முயற்சி தொடங்கியது. விதையில்லாத பயிரிற் கலப்புச் செய்தல் எளிதோ? பல்லாயிரம் பூக்களைத் தொட்டு ஒருசில விதை பெறுவதே அரிது. 1960களில் குரோ மிசேல் உலக வாணிகத்தினின்று ஏறத்தாழ மறைந்தது.

அதன் இடத்தைப் பிடித்த வகையின் பயணம் வியப்புக்குரியது. 1826இல் மொரீசியசுத் தீவிலிருந்த சார்லசு டெல்பேர் என்பார் தென்சீனத்தினின்று ஒரு குட்டை வாழையைப் பெற்று நட்டார். 1829இல் அதன் கன்றுகள் இங்கிலாந்துக்குச் சென்றன. அவற்றுள் ஒன்றைத் தெவன்சயர்ப் பிரபு தம் சேட்ஸ்வர்த்து மாளிகைக்கு வாங்கினார். கண்ணாடி மனையிற் கணப்பு மூட்டி அதனை வளர்த்தவர் அவருடைய தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன். 1835இல் அது குலை தள்ளியது. பிரபுவின் குடிப்பெயரால் அதற்குக் கேவண்டிஷ் எனப் பெயரிட்டனர். 1838இற் றென்கடற்றீவுகளுக்குக் கப்பலேறிய ஜான் வில்லியம்ஸ் என்னும் பாதிரியார் அதன் கன்றுகளை உடன்கொண்டு சென்றமையாற் சமோவா முதலிய தீவுகளில் அது வேரூன்றியது. பனாமா நோயை இவ்வகை தாங்கி நின்றது. தோல் மெல்லியதாகலின் குலையாக ஏற்ற இயலாது, சீப்பாக அரிந்து அட்டைப்பெட்டியில் அடைக்கும் வழக்கம் இதனோடு வந்தது. சுவையிற் குரோ மிசேலுக்கு ஈடாகாது என அதனை உண்டறிந்த முதியோர் குறைகூறினராம். வாணிகம் நாவைக் கேட்பதில்லை.

வாழையடி வாழையாக வாழ்க என நாம் மணமக்களை வாழ்த்துகின்றோம். தாய் சாயுமுன் கன்று எழுந்து குடி அறாது நிற்றலைக் கண்டு எழுந்த வாழ்த்து அது. ஆயின் பயிர்நூலார் கண்கொண்டு நோக்கின் அவ்வாழ்த்தினுள்ளேயே அச்சமும் இருக்கின்றது. பக்கக்கன்று தாயின் மகவு அன்று, தாயேதான். குரோ மிசேல் தோட்டம் ஓராயிரம் ஏக்கராயினும் அது ஒரே வாழையாம். ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். தந்தையார் தோட்டத்து வரப்பில் ஆடு கடியாமல் இருக்கவென்று நட்டிருந்த நாலைந்து பூவன் மட்டும் பசுமையாய் நின்று குலை தந்தன. இரஸ்தாளி அந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் வகையென்பதும், பூவன் அதனைத் தாங்குமென்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன. பழைய உழவர் இரஸ்தாளியை ஒரே நிலத்தில் மறுதாம்பு விடாது நிலம் மாற்றி நட்டதற்கும், நெல்லும் வாழையும் மாறிமாறிப் பயிரிட்டதற்கும் இதுவே காரணம்.

கேவண்டிஷையும் இன்று அவ்விதி தொடர்கின்றது. அதே பூசணத்தின் நான்காம் பிரிவு எனப்படும் ஒரு வகை தைவானில் முதற்கண் கேவண்டிஷைத் தாக்கியது. பின்னர் மலேசியா, இந்தோனேசியா வழியாய்ப் பரவி, 1997இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும், 2013இல் ஜோர்தானிலும் மொசாம்பிக்கிலும் காணப்பட்டது. 2019 ஆகஸ்டிற் கொலம்பியாவில் உறுதிப்பட்டபோது அந்நாட்டரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. நம் நாட்டிற் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது வந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ, தேனி மாவட்டத்தில் திசுவளர்ப்புக் கன்றும் சொட்டு நீரும் கொண்டு வளர்க்கப்படும் ஜி-9 என்னும் கிராண்டு நைன் வாழை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது. அதுவும் கேவண்டிஷே. அப்பயிரை யாம் பழிக்கவில்லை. குலை ஒத்த அளவினது, வெட்டுநாள் முன்கூட்டியே தெரிவது, வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாவது. உலக வாழை விளைச்சலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியாவினதாயினும் அதன் மிகச் சிறுபகுதியே வெளிநாடு செல்கின்றது. செல்லும் வழியை இவ்வகையே திறந்தது. ஆயின் பீகாரினின்று கன்றோ மண்ணோ ஒட்டிய வண்டியொன்று தோட்டத்துக்குள் வருமாயின் என்ன ஆகும் என்பதைக் கோஸ்டாரிக்கா ஏற்கெனவே எழுதிவைத்திருக்கின்றது.

நம் நாட்டிலேயே ஒரு வாழை அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட வரலாறு உண்டு. அது மலைவாழையின் வரலாறு. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய ஊர்களிலும், சிறுமலையிலும், காப்பித் தோட்டங்களினிடையே விளைவது அது. விருப்பாச்சி வாழை என்னும் பெயர் மலையடிவாரத்து விருப்பாச்சி என்னும் ஊரினின்று வந்தது. வேலு நாச்சியார்க்கு அடைக்கலம் தந்தவரும் 1801இல் ஆங்கிலேயராற் றூக்கிலிடப்பட்டவருமாகிய கோபால நாயக்கரது பாளையம் அவ்வூரே. அப்பழம் நீர்ப்பற்று குறைந்தது, மணம் மிகுந்தது, தோல் கறுத்தும் உள் கெடாதது. பழனிப் பஞ்சாமிர்தம் நாட்பட இருந்தும் கெடாமைக்கு அப்பழத்தின் நீர்மைக்குறைவே ஒரு காரணம். கீழ்நாட்டில் ஓரிரு போகத்தில் வாழையைக் கல்லி எறிவது போலன்றி, மலையில் ஒருமுறை ஊன்றிய கட்டையினின்று ஆண்டாண்டுதோறும் கன்று விட்டு நெடுங்காலம் குலை பெறுவர்.

அம்மலைத்தோட்டங்களை அழித்தது முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியிற் கொத்தாய் நிற்கும். இலைக்காம்பிற் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். அவ்வாழை குலை தள்ளாது. 1880களிற் பிஜித் தீவில் முதற்கண் குறிக்கப்பட்ட இந்நோய் 1913இல் ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. 1940ஆம் ஆண்டளவில் இலங்கையினின்று திருவிதாங்கூர் சேர்ந்து, அங்கிருந்து தமிழ்நாட்டு மலைகளை அடைந்தது. 1920களில் ஆஸ்திரேலியாவில் மேகி என்னும் அறிஞர், இதனைப் பரப்புவது கரிய அசுவினிப் பூச்சி என்பதையும், நோயுற்ற தாயின் கன்றுகளிலும் நோய் இருக்கும் என்பதையும் தெளிவித்தார். அந்நாட்டார் செய்தது எளியதொன்று. நோயுற்ற தூரைத் தோண்டி அழித்தலைச் சட்டமாக்கி, ஒருவர் தோட்டமும் விடாது எல்லாரும் ஒருங்கே செய்தனர். வாழைத்தொழில் பிழைத்தது. நம் மலையில் ஒருவர் தோண்டினார். அடுத்தவர் காய்க்குமோ எனக் காத்திருந்தார். அசுவினிக்கு வேலி தெரியாது. 1970களில் மலைவாழைப் பரப்பு பெரும்பகுதி அழிந்தொழிந்தது. வாழையை நம்பியிருந்த குடிகள் பல, மிளகுக்கும் சௌசௌவுக்கும் மாறின. சில மலையைவிட்டே இறங்கின.

மீட்சி மெல்ல வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நோயற்ற தாயினின்று திசுவளர்ப்பு முறையாற் கன்றுகளைப் பெருக்கினர். ஒவ்வொரு கன்றும் சோதித்த பின்னரே மலையேறியது. மலைவாழை உழவர்கள் தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டு நோயுற்ற தூர்களை ஊரோடு ஒருங்கே அகற்றினர். 2008இல் விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது; 2019இற் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பழைய பரப்பு முழுதும் மீண்டதன்று. 

1949இல் ஆடுதுறையிற் றொடங்கிய வாழை ஆராய்ச்சி நிலையமும், 1993இற் றிருச்சிராப்பள்ளியில் அமைந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நூற்றுக்கணக்கான வகைகளைத் திரட்டிக் காத்துவந்தமை அறியத்தக்கது. ஆராய்ச்சி நிலையத்திற் காப்பது ஒன்று. வீட்டுக் கொல்லையில் நிற்பது மற்றொன்று. பேயன், நெய்வாழை, மட்டி, செவ்வாழை, பச்சநாடன் என நம் மூதாட்டியர் எண்ணிய பெயர்களில் எத்தனை நம் இல்லங்களில் எஞ்சியுள என ஒருநாள் எம் மாணவர்களை எழுதிவரச் சொன்னோம். நாற்பத்திரண்டு மாணவருள் கொல்லையில் வாழையுடையார் பதினெழுவர். அவருள் தம் வாழையின் பெயர் அறிந்தவர் ஒன்பதின்மர். பேயன் என்றெழுதிய பெண்குழந்தை மறுநாட் காலை ஈரச் சாக்கிற் சுற்றிய கன்றொன்றைக் கொண்டுவந்து, “ஆத்தா தரச் சொன்னாங்க, ஐயா” என்று மேசைமேல் வைத்தாள்.

அக்கன்றை எம் கொல்லையில் நட்டிருக்கின்றோம். மாசியில் நட்டது, இப்போது பதினொன்றாம் இலை விட்டுளது. இலைக்காம்பைத் திருப்பிக் கரும்பச்சைக் கோடு உண்டோவெனப் பார்த்தபின்னரே யாம் நாடோறும் பள்ளிக்குப் புறப்படுகின்றோம்.